முதல் ரவுண்டில் தோற்றால் எவ்வளவு? வடசென்னையிலிருந்து டென்னிஸ் சர்க்யூட்டுக்குப் போகிறவர்களுக்கு

கேரம் ஆட வேண்டும் என்றால் வியாசர்பாடியில் தெருவுக்கு ஒரு போர்டு இருக்கும். ஃபுட்பாலுக்கும் பாக்ஸிங்குக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஓர் அண்ணன் எப்படியும் கிடைப்பார். டென்னிஸுக்கு அப்படி யாரும் இல்லை. பிள்ளை பதினாறு வயதுக்குள் மாநில அளவில் நாலு கப் வாங்கிவிட்டால், அடுத்து என்ன என்று கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் கிடையாது. கோச் சொல்வதுதான் வேதம். சிலர் நல்லபடி சொல்வார்கள், சிலர் அகாடமி ஃபீஸை மனதில் வைத்துக்கொண்டு சொல்வார்கள்.

டிவியில் வருகிற டென்னிஸ் இதில் இல்லை. உலக ராங்கிங்கில் 300-க்குக் கீழே, ஸ்டாண்டில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற கோர்ட்டில் நடக்கும் டென்னிஸ்தான் இது. அதற்குள் நுழையப்போகிற பிள்ளைகளுக்கும், பணம் கட்டப்போகிற வீட்டாருக்கும் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

புரொஃபஷனல் டென்னிஸின் அடிப்படி, சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் உலக டென்னிஸ் டூர். ஆண்களுக்கு எம்15, எம்25. பெண்களுக்கு டபிள்யூ15, டபிள்யூ35, அதற்கு மேல் 50, 75, 100. எம்15 என்றால் அந்த வாரத்தின் மொத்தப் பரிசுத் தொகை 15,000 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அது சிங்கிள்ஸ் மெயின் டிராவில், அதாவது பிரதான ஆட்டப் பட்டியலில், இருக்கும் 32 பேருக்கும் டபுள்ஸ் ஆடுகிறவர்களுக்கும் பிரிந்துபோகிறது. சிங்கிள்ஸ் ஜெயித்தவருக்கு 2,160 டாலர். முதல் ரவுண்டில் தோற்றவருக்கு 156 டாலர், நம் பணத்தில் 13,000 ரூபாய்க்கு மேல். அதிலும் வரி பிடிப்பார்கள். மெயின் டிராவில் இடம் பிடிக்க முன்னால் ஆடுகிற குவாலிஃபையிங்கிலேயே தோற்றால் ஒன்றும் இல்லை.

ராங்கிங்கை முடிவு செய்கிற பாயின்ட்டும் இப்படித்தான். எம்15 ஜெயித்தால் 15, ஃபைனலில் தோற்றால் 8, செமிஃபைனலில் 4, காலிறுதியில் 2, இரண்டாம் ரவுண்டில் 1. முதல் ரவுண்டில் தோற்றவருக்குப் பூஜ்யம். வாங்கிய பாயின்ட் 52 வாரத்தில் உதிர்ந்துவிடும் என்பதால், போன வருடம் ஜெயித்ததை இந்த வருடமும் ஜெயித்தால்தான் ராங்கிங் இருந்த இடத்தில் நிற்கும்.

32 பேர் இறங்கினால் 16 பேர் முதல் மேட்சோடு பையைக் கட்டிவிடுவார்கள். எவ்வளவு திறமை இருந்தாலும் ஆரம்ப வருடங்களில் அந்தப் பதினாறில் ஒருவராகப் பல வாரங்கள் இருப்பீர்கள். அதனால் ஒவ்வொரு டோர்னமென்ட்டுக்கும் பெயர் கொடுக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முதல் ரவுண்டில் தோற்றால் இந்த வாரம் எனக்கு எவ்வளவு நஷ்டம்? டிக்கெட், தங்கும் இடம், சாப்பாடு, ஸ்ட்ரிங், கோச் வந்தால் அவருக்கும் இதெல்லாம். கூட்டி, 156 டாலரைக் கழியுங்கள். வருகிற தொகையை வீடு தாங்குமா என்று பார்த்துத்தான் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஜெயித்தால் இவ்வளவு வரும்’ என்று போடுகிற கணக்கை நோட்டுப் புத்தகத்திலேயே எழுதாதீர்கள்.

செலவுக்கும் வரவுக்கும் சரியாகிற இடம் எது? 2013-ஆம் வருடக் கணக்கை வைத்து ஐடிஎஃப் ஓர் ஆய்வு செய்தது. கோச் செலவைச் சேர்க்காமலே ஆண்களுக்கு 336-ஆம் ராங்கிங், பெண்களுக்கு 253 என்று வந்தது. அதற்குக் கீழே இருக்கிறவர்கள் கையிலிருந்து போட்டுத்தான் ஆடுகிறார்கள். 2024-இல், ஆண்களின் மேல்நிலை டூரை நடத்தும் ஏடிபி ஒரு குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் கொண்டுவந்தது, அதுவும் முதல் 250 பேருக்குத்தான். அந்த வருடம் 176 முதல் 250 வரை இருந்தவர்களுக்கு 75,000 டாலர். கிராண்ட்ஸ்லாம் குவாலிஃபையிங்கில் இடம் கிடைக்கிற ராங்கிங்கும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. 2025 ஆஸ்திரேலிய ஓபன் குவாலிஃபையிங்கில் முதல் ரவுண்டில் தோற்றவருக்கே 35,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தார்கள். எம்15-இல் அதை எட்ட ஏறக்குறைய பத்து டோர்னமென்ட்டாவது ஜெயிக்க வேண்டும். எல்லோரும் 250-ஐக் குறிவைத்து ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

அங்கே போனவர்களுக்கும் சுகம் இல்லை. 2023 செப்டம்பரில், இந்தியாவின் நம்பர் ஒன் ஆட்டக்காரராக இருந்த சுமித் நாகல் தன் பேங்க் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனில் 31-ஆம் சீடு அலெக்சாண்டர் பப்ளிக் என்கிற கஜகஸ்தான் ஆட்டக்காரரைத் தோற்கடித்தார். இரண்டையும் சேர்த்தே பிள்ளையிடம் சொல்லுங்கள்.

காகித வேலை

அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில், அதாவது எல்லோரும் ‘ஐட்டா’ என்று சொல்கிற இடத்தில், பதிவு எண் ஏற்கெனவே இருக்கும். சர்வதேச டோர்னமென்ட்டுக்கு ஐடிஎஃப் இணையதளத்தில் ‘ஐபின்’ என்கிற எண் வாங்க வேண்டும். வருடா வருடம் கட்டணம் உண்டு. புரொஃபஷனல் டூருக்குக் குறைந்தபட்ச வயது 14. பெண்களுக்கு 18 வயது ஆகும்வரை வருடத்துக்கு இத்தனை டோர்னமென்ட்தான் ஆடலாம் என்று வரம்பும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு காலண்டர் போடுங்கள்.

பாஸ்போர்ட்டில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. ஐபின்னில் பிள்ளை தன் இஷ்டத்துக்கு ஒன்று போட்டிருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஐபின், விமான டிக்கெட், பேங்க் கணக்கு எல்லாவற்றிலும் இருக்கட்டும். வெளிநாட்டில் பரிசுப் பணம் வாங்கும்போதும் விசா கேட்கும்போதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நாட்கள் வீணாகும். ஐரோப்பாவுக்குப் போவதாக இருந்தால் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே பழகுவது

நுங்கம்பாக்கம் ஸ்டேடியம் 1995-இல் கட்டியது. ஏடிபி டோர்னமென்ட் 1997 முதல் 2017 வரை அங்கே நடந்தது, இப்போது அதற்கு ஒரு படி கீழே இருக்கிற சேலஞ்சர் நடக்கிறது, பெண்களின் மேல்நிலை டூரான டபிள்யூடிஏ டோர்னமென்ட்டும் 2022-இலும் 2025-இலும் வந்தது. நமக்கு அது தூரம் இல்லை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் கடற்கரைக்கு வந்து, தாம்பரம் வண்டி பிடித்தால் நுங்கம்பாக்கம். பெரம்பூர்க்காரர்கள் சென்ட்ரலில் இறங்கி எதிரே பூங்கா ஸ்டேஷனில் ஏறலாம். மாத சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் போக்குவரத்துச் செலவு ராக்கெட் கைப்பிடியில் சுற்றுகிற ஒரு கிரிப் விலைக்கு மேல் போகாது. பைக்கில் போகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கேட்பதில்லை. வால்டாக்ஸ் ரோடு டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு வந்து ஸ்பிரின்ட் ஓடினால் தொடைத்தசை என்ன ஆகும்?

தினமும் ஸ்டேடியத்துக்குப் போய்த்தான் ஆட வேண்டும் என்றில்லை. வாரத்தில் சில நாள் உங்களைவிட நன்றாக ஆடுகிறவர்களோடு அங்கே. மற்ற நாள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கோர்ட் கிடைக்கிறதோ அங்கே சர்வும் டிரில்லும். சர்வ் பழக எதிராளி தேவையில்லை, ஒரு கூடைப் பந்து போதும். அகாடமிகளில் கழிக்கும் பழைய பந்தை மொத்தமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதி வரை மழை. நம் பக்கத்தில் மழை நின்றாலும் தண்ணீர் நிற்காமல் இருக்காது. அந்த மாதங்களில் சென்னையில் முழு டென்னிஸ் நடக்கும் என்று திட்டம் போடாதீர்கள். ஜிம், பரீட்சை, பழைய காயத்துக்கு பிசியோதெரபி, இல்லையென்றால் வெளியூர் டோர்னமென்ட். ஏதாவது ஒன்றை முன்கூட்டியே அதில் வைத்துவிடுங்கள்.

பெயர் கொடுப்பது

இதில் சின்னத் தவறுக்கும் ஒரு வாரம் போய்விடும். டோர்னமென்ட் தொடங்கும் திங்கட்கிழமைக்கு 18 நாள் முன்னால் வருகிற வியாழக்கிழமை, கிரீன்விச் நேரம் 14 மணிக்குப் பதிவு முடியும். நமக்கு இரவு ஏழரை. ஒரே வாரத்துக்குப் பல டோர்னமென்ட்டுகளில் பெயர் கொடுத்து, எது முதல் விருப்பம், எது இரண்டாவது என்று வரிசை போடலாம். கண்டிப்பாகப் போடுங்கள். வாபஸ் வாங்க 13 நாள் முன்னால் வருகிற செவ்வாய், அதே ஏழரை மணி. அதற்குப் பின் காரணம் இல்லாமல் விலகினால் அபராதம். போனில் இரண்டு அலாரம் வைத்துவிட்டால் தீர்ந்தது. அம்மாவின் போனிலும் வைக்கலாம். அவர்கள் மறக்க மாட்டார்கள்.

பட்டியல் வந்ததும் உங்கள் பெயர் மெயின் டிராவிலா, குவாலிஃபையிங்கிலா, ஆல்டர்னேட்டிலா என்று பாருங்கள். ஆல்டர்னேட் என்றால் யாராவது விலகினால்தான் இடம். பக்கத்து ஊர் என்றால் போய்ப் பார்க்கலாம். ஆல்டர்னேட்டாக இருந்துகொண்டு விமானம் ஏறுவது சூதாட்டம். ராங்கிங் இல்லாத புதியவர்களுக்கு குவாலிஃபையிங்கில் இடம் கொடுக்கும்போது சொந்த நாட்டு ராங்கிங்கையும் பார்ப்பார்கள் என்பதால், ஐட்டா ஆண்கள், பெண்கள் டோர்னமென்ட்டுகளை ‘அது லோக்கல்தானே’ என்று விட்டுவிடக் கூடாது. அங்கே பரிசுப் பணமும் உண்டு, ரயிலிலும் போகலாம்.

ஏடிபி ராங்கிங்கில் பெயர் வர ஒரு பாயின்ட் போதும். டபிள்யூடிஏவில் அப்படி இல்லை. மூன்று டோர்னமென்ட்டில் பாயின்ட் எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தம் பத்து சேர்த்திருக்க வேண்டும். மகள் ஒரு டோர்னமென்ட்டில் நன்றாக ஆடியும் பட்டியலில் பெயர் வரவில்லையே என்று பதறுகிற அப்பாக்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எந்த ஊருக்குப் போவது

முதல் வருடம் இந்தியாவுக்குள் நடக்கும் 15, 25, 35 டோர்னமென்ட்டுகள். வடசென்னைக்கு ஒரு வசதி இருக்கிறது: சென்ட்ரல் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூருக்கு அரை நாள் போதும், டெல்லிக்கு இரண்டு இரவு. ரயிலில் போனால் முதல் ரவுண்டில் தோற்கிற வாரத்தின் நஷ்டம் பாதியாகக் குறையும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை குவாலிஃபையிங் என்றால் வெள்ளிக்கிழமையே போய்ச் சேருங்கள். இரண்டு இரவு பெர்த்தில் முடங்கிய முதுகோடு காலையில் இறங்கி மத்தியானம் மேட்ச் ஆடினால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைக் கோர்ட்டில் விடுவீர்கள்.

வெளிநாடு என்றால் ஒரே ஊரில் வாராவாரம் டோர்னமென்ட் நடக்கும் இடங்களைப் பாருங்கள். துனிசியாவில் மொனாஸ்டிர், எகிப்தில் ஷர்ம் எல் ஷேக், துருக்கியில் அன்டால்யா. ஒரு விமான டிக்கெட்டில் மூன்று நாலு வாரம் ஆடலாம், தோற்றாலும் அடுத்த திங்கள் வரை அதே கோர்ட்டில் பழகலாம். ஒரே ஹோட்டல், ஒரே பஃபே, அதே முகங்கள். மூன்றாவது வாரத்தில் பிள்ளைகள் அலுத்துப்போவார்கள் என்பது உண்மை. அலுப்புக்கு மருந்தாக நாட்டுக்கு நாடு தாவுகிற காலண்டரைச் சில கோச்சுகள் போட்டுத் தருகிறார்கள். அது அவர்களுக்கு ஊர் பார்க்கிற காலண்டர், உங்களுக்கு நகைக்கடன் காலண்டர்.

டோர்னமென்ட் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று போட்டிருந்தால் தங்கும் வசதி கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். ராங்கிங் உயர்ந்து சேலஞ்சர் மெயின் டிராவுக்கு வந்தால் அங்கே ஹோட்டல் உண்டு. செலவில் உண்மையான மாற்றம் அந்தக் கட்டத்தில்தான் தெரியும்.

விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது. கிட் பேக்கோடு ஏறி உட்கார்ந்தால் மாற வேண்டியதில்லை. நடுராத்திரி விமானம் என்றால் மட்டும் கடைசி வண்டி நேரத்தைப் பார்த்துக்கொண்டு சீக்கிரமே போய்விடுங்கள்.

டபுள்ஸைக் கட்டாயம் ஆடுங்கள். சிங்கிள்ஸில் திங்கள் தோற்றாலும் டபுள்ஸில் இரண்டு மேட்ச் ஜெயித்தால் ஹோட்டல் செலவில் ஒரு பகுதி வந்துவிடும். பார்ட்னரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் தேடாமல் பட்டியல் வந்த அன்றே பேசி வையுங்கள். நம் ஊர்க்காரர்களின் கேரியர் நீடித்ததற்கு டபுள்ஸ் பெரிய காரணம். சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் முப்பது வயதைத் தாண்டித்தான், 2024 செப்டம்பரில், சீனாவின் ஹாங்சோவில் ‘ஏடிபி 250’ என்கிற நிலை டோர்னமென்ட்டில் டபுள்ஸ் பட்டம் ஜெயித்தார்கள்.

ஸ்ட்ரிங்

ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுவது என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் நீட்டினால் மன்னிக்கவும். பாக்கெட் பாக்கெட்டாக வாங்காதீர்கள், 200 மீட்டர் ரீல் வாங்குங்கள். ஒரு ராக்கெட்டுக்கு 12 மீட்டர் வைத்தால் 16 முறை போடலாம், ஒரு முறைக்கு ஆகிற செலவு நன்றாகக் குறையும். பாலியஸ்டர் ஸ்ட்ரிங் அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது அறுவதற்கு வெகு முன்னாலேயே டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, இழந்து செத்துவிடும். செத்த ஸ்ட்ரிங்கில் பந்து நீளமாகப் போகும், கையும் வலிக்கும். முழங்கை வலி என்று வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது எப்போது மாற்றினாய் என்றுதான். ஒரே மாடல், ஒரே எடையில் மூன்று ராக்கெட் வேண்டும். நாலு பேர் சேர்ந்து பயணம் போகிறவர்கள் ஒரு பழைய ஸ்ட்ரிங்கிங் மெஷினைக் கூட்டாக வாங்கி, ஒருவர் கற்றுக்கொண்டால் போதும். டோர்னமென்ட் இடத்தில் ஒரு ராக்கெட்டுக்கு டாலரில் கூலி கொடுக்கிற செலவு நிற்கும். மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுத்தால் சாப்பாட்டுக் காசும் வரும்.

பெண் பிள்ளைகளோடு யார் போவது

பெண் தனியாகப் போக மாட்டாள், அம்மாவோ அப்பாவோ போக வேண்டும் என்றால் டிக்கெட்டும் விசாவும் இரண்டு. வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு சம்பளமும் போகும். ஒரே வயது, ஏறக்குறைய ஒரே ராங்கிங்கில் இருக்கிற இரண்டு மூன்று பெண்களின் வீட்டார் பேசிவைத்து, ஓர் அம்மா எல்லோரையும் கூட்டிப்போவதுதான் நடைமுறையில் சரிவருகிறது. சிங்கிள்ஸில் தங்களுக்குள்ளேயே மோத வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதைக் கிளம்பும் முன் பேசிவிடுங்கள். அந்தப் பேச்சை விட்டுவிட்டுப் போய்த் திரும்பிவரும்போது பேசிக்கொள்ளாத குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பந்தயக்காரர்கள்

எம்15 மேட்சுக்கும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் பந்தயம் நடக்கிறது. தோற்றால் இன்ஸ்டாகிராமில் அம்மா அப்பாவை இழுத்துக் கெட்ட வார்த்தை வரும். முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்புவதை முதல் டோர்னமென்ட்டுக்கு முன்பே அணைத்துவிடுங்கள்.

இதைவிட ஆபத்து, அன்பாகப் பேசிக்கொண்டு வருகிறவர். ‘ஒரு செட் மட்டும் விடு, ஜெயிப்பது உன் இஷ்டம்’ என்பார், பரிசுப் பணத்தைப்போல் பல மடங்கு சொல்வார். டென்னிஸ் நேர்மைக்கான அமைப்பான ஐடிஐஏவின் விதிப்படி, அதை மறுத்தால் மட்டும் போதாது. இப்படிக் கேட்டார்கள் என்று அந்த அமைப்பிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருப்பதும் குற்றம், தடை வரும். டென்னிஸில் எந்த மேட்சுக்கும் எந்த ஆப்பிலும் பந்தயம் கட்டக் கூடாது, பத்து ரூபாய்க்குக்கூட. கூடப் போகிற கோச்சும் வீட்டாரும் இதே விதிக்குள் வருவார்கள் என்பதை மாமா, சித்தப்பாவுக்கும் சொல்லிவையுங்கள். அப்புறம், சளி இருமலுக்குக் கடையில் வாங்குகிற மாத்திரையும் ஜிம்மில் கொடுக்கிற பவுடரும் ஊக்கமருந்துப் பட்டியலில் மாட்டிவிடலாம். பட்டியலைப் பார்க்காமல் எதையும் விழுங்க வேண்டாம்.

பணம் எங்கிருந்து

ஊரில் இருக்கிற வாரங்களில் ஹிட்டிங் பார்ட்னர் வேலையும் குழந்தைகளுக்குக் கோச்சிங்கும் கிடைக்கும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நாளில் நாலு மணி நேரம் பந்து போட்டுவிட்டுத் தன் பயிற்சிக்குப் போகிறவன் களைத்துத்தான் போவான். பயிற்சி முடிந்தபின் கோச்சிங் என்கிற வரிசையை மாற்றாதீர்கள். ராங்கிங் கொஞ்சம் வந்தபின் ஜெர்மனி, பிரான்ஸ் கிளப் லீக்குகளில் மேட்சுக்கு இவ்வளவு என்று பேசி ஆடுகிறவர்கள் நிறைய. அங்கே தோற்றாலும் கூலி உண்டு, நம் கணக்குக்கு அது ரொம்பப் பொருந்தும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித் திட்டங்களுக்கும், தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் விண்ணப்பியுங்கள். போட்டிச் சான்றிதழ், டிரா ஷீட், பில் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் தேதிவாரியாக வைத்திருப்பவருக்கு விண்ணப்பம் ஒரு மணி நேர வேலை. வெளிநாட்டில் பரிசுப் பணத்தில் வரி பிடித்தால் அதற்கான சீட்டையும் கேட்டு வாங்குங்கள். இங்கே வருமான வரி கட்டும்போது அந்த வரியைக் கழித்துக்கொள்ள அந்தச் சீட்டு வேண்டும்.

ஏரியாவில் உதவி செய்ய முன்வருகிற பெரிய மனிதர்கள் இருப்பார்கள். கொடுப்பது அன்பளிப்பா, கடனா, வருங்கால வருமானத்தில் பங்கா என்று முதல் நாளே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சில் வாங்கிய பணத்துக்குக் கணக்கு கேட்கிற நாள், பிள்ளை மூன்று வாரம் தொடர்ந்து தோற்ற நாளாகத்தான் இருக்கும். நகையை அடகு வைப்பதற்கு நான் எதிரி. வைத்தே ஆக வேண்டும் என்றால், மெயின் டிராவில் பெயர் உறுதியான மூன்று வாரப் பயணத்துக்கு மட்டும்.

படிப்பும் வேலையும்

பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே உறுதியான கருத்து: அமெரிக்கக் கல்லூரியில் டென்னிஸ் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் எடுத்துக்கொண்டு போகட்டும். கோர்ட், கோச், பிசியோ, மேட்ச், பட்டம் எல்லாம் கிடைக்கிறது, ஸ்காலர்ஷிப் தாங்குகிற அளவுக்குச் செலவு கல்லூரியுடையது. நாலு வருடம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயத்தில் வருடங்களை இழந்தவர். 29 வயதில், 2019-இல்தான் முதல் நூறுக்குள் வந்தார், 75 வரை போனார். கல்லூரி யோசனை இருந்தால் பரிசுப் பணம் வாங்குவதற்கும் பள்ளி முடித்தபின் இடைவெளி விடுவதற்கும் அங்கே இருக்கிற விதிகளைப் பத்தாம் வகுப்பிலேயே படித்துவிடுங்கள்.

அது கிடைக்காவிட்டால் தியாகராயா கல்லூரியோ, வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரியோ, தொலைநிலைக் கல்வியோ, எதிலாவது ஒரு பட்டப்படிப்பில் பெயர் இருக்கட்டும். ரயில்வே, வருமான வரித்துறை விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கும், மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு இருக்கிற 3 சதவீத ஒதுக்கீட்டுக்கும் கல்வித் தகுதியும் வயது வரம்பும் உண்டு. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைச் சுவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ரயில்வே வேலையின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பளமும் போட்டிக்கு லீவும் கிடைக்கிற இடத்தில் இருந்துகொண்டு வருடத்துக்குப் பத்து டோர்னமென்ட் ஆடுகிறவர், கடன் வாங்கி இருபத்தைந்து ஆடுகிறவரைவிட நிம்மதியாக ஆடுவார். ஆனால் பத்து டோர்னமென்ட்டில் ராங்கிங்கில் 250-க்குப் போவது நடக்காது. எது வேண்டும் என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும், அப்பா சொல்லக் கூடாது.

எத்தனை வருடம்

கிளம்பும்போதே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு வருட எண்ணும் ஒரு தொகையும் முடிவு செய்யுங்கள். மூன்று வருடம், இவ்வளவு லட்சம் என்று. ராங்கிங்கை இலக்காக வைத்தால் ‘இன்னும் இருபது இடம்தானே’ என்று இழுத்துக்கொண்டே போகும். தொகைக்கு அந்தக் குணம் இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும், மழை வாரங்களில், மூன்று விஷயம் பாருங்கள்: இந்த வருடம் முதல் ரவுண்டைத் தாண்டிய வாரங்கள் எத்தனை, ராங்கிங்கில் மேலே இருப்பவர்களை எத்தனை முறை ஜெயித்தோம், கையிலிருந்து போட்டது எவ்வளவு. முதல் இரண்டும் ஏறினால் தொடரலாம். மூன்றாவது மட்டும் ஏறினால் அந்த டிசம்பரிலேயே பேசிவிடுவது நல்லது. காயத்தில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தால் அதை வருடக் கணக்கில் சேர்க்காதீர்கள், செலவுக் கணக்கில் சேருங்கள்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே ஐட்டாவின் முதல் நிலை கோச்சிங் பயிற்சியை முடித்துவைப்பது நல்லது. அம்பயரிங் பிடிக்கும் என்றால் அதற்கும் தனிப் படிப்பு உண்டு. அறிவிப்பு வரும்போது பெயர் கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் கையில் இருந்தால் காயத்தில் கிடக்கிற மாதங்களிலும் வேலை கேட்டுப் போகலாம், மணிக்கு இவ்வளவு என்று பேசும்போது கிளப்புகள் அதைத்தான் முதலில் கேட்கின்றன.